எட்டுச்செலவுக்குக் கறுப்புப் பாண்

கடைசி ஆளாக அந்த டேனிஷ் முதியவர் எழும்பி வந்தபோது சவப்பெட்டியின் மேல் பூ வைக்க இடமே மிஞ்சியிருக்கவில்லை. பத்திரிகைத்தாளில் சுற்றிக் கொண்டுவந்த டாலியாப் பூக்களோடு அவர் அங்கும் இங்கும் பார்த்தார். பிறகு யாரோ வைத்திருந்த பெரிய மலர்வளையத்தை மெல்ல ஒரு பக்கம் தள்ளிவிட்டுக் கால்மாட்டில் அவற்றை வைத்தார். வைத்தவர் நின்ற இடத்திலேயே அழத் தொடங்கினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தோள் குலுங்க, சின்னப் பிள்ளை மாதிரி. மண்டபம் நிறைய இருந்த தமிழர்கள் தங்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். டேனிஷ்காரர் செத்தவீட்டில் சத்தம் போட்டு அழுது அவர்களில் ஒருவரும் கண்டதில்லை.

முன்வரிசையில் இருந்த மனோரஞ்சிதத்திடம் அவர் வந்தார். அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நகக்கண்ணில் தோட்டத்து மண் அப்படியே இருந்தது.

“சாப்பாட்டுக்கு நன்றி,” என்றார் டேனிஷில்.

அந்த நாட்டில் சாப்பிட்டு எழும்புகிற ஒவ்வொருவரும் சமைத்தவளுக்குச் சொல்லுகிற வார்த்தை அது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவள் மனோரஞ்சிதம். ஒரு நாளைக்கு மூன்று தரம் கேட்டுக் காது புளித்த வார்த்தை. கேட்டதும் வாய் தன்பாட்டில் மறுமொழியைச் சொல்லிவிட்டது.

“உடம்பில் சேரட்டும்.”

சொன்ன பிறகுதான், புருஷனுடைய சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று என்ன பேச்சு இது என்று அவளுக்கு உறைத்தது. அந்தக் கிழவருக்கு வயது போய் அறளை பெயர்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாள்.

மகள் சாருஜா காதுக்குள் டேனிஷில் கேட்டாள், யார் இவர் என்று.

“வேர்னர். அப்பான்ர தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம். அண்டைக்கு அம்புலன்சுக்கு அடிச்சதும் இந்த மனுசன்தான்.”

பாலேந்திரா போய் அன்றைக்கு எட்டு நாள். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், தோட்டத்து மர வாங்கில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு இருந்தவர் எழும்பவில்லை. எழுபத்தொரு வயது. ஒரு நாள் பாயில் கிடக்கவில்லை, ஒருவருக்கும் பாரமாக இருக்கவில்லை. நல்ல சாவு என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். நல்ல சாவு செத்தவருக்குத்தான் நல்லது. இருக்கிறவளுக்கு அதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஒரு சொல்லோ, ஒரு பார்வையோ, கடைசியாக வாயில் விட ஒரு கரண்டித் தண்ணீரோ அவளுக்குக் கிடைக்கவில்லை.

அவளுக்கு மிஞ்சியது ஒரு சாப்பாட்டுப் பெட்டி. ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் கண்ணாடி, போன், திறப்புக்கொத்தோடு அதுவும் வந்தது. மூடியைத் திறந்து பார்த்தாள். துடைத்து வைத்தது மாதிரி இருந்தது. காலையில் அவள் கட்டிக்கொடுத்த புட்டிலும் மீன் குழம்பிலும் ஒரு பருக்கை மிச்சமில்லை. அந்த எட்டு நாளும் துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் அவள் சொன்னது அந்த ஒன்றைத்தான்.

“பசியோட போகேல்லை. என்ர கையால செய்த புட்டையும் மீன் குழம்பையும் வடிவாச் சாப்பிட்டிட்டுத்தான் போனவர்.”

கேட்ட பெண்கள் அவளுடைய கையைத் தடவிக் கொடுத்தார்கள். “அது காணும் அக்கா. அதுக்கு மேல என்ன வேணும்,” என்றார்கள். காணும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

எரித்துவிட்டு வீட்டுக்கு வந்து எல்லாரும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது செல்வரட்ணம் கலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் பாலேந்திராவின் சின்னையாவின் மகன். ஹொல்ஸ்டெப்ரோவில் பஸ் ஓட்டுகிறவர். மேற்கு யூலன்டில் எந்தத் தமிழர் வீட்டில் சாவு விழுந்தாலும் சடங்கு முறை சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் வந்துவிடுவார்.

“எட்டுச்செலவைச் செத்த நாளில இருந்து எண்ணினால் அது நேற்றோட போட்டுது. எரிச்ச நாளில இருந்து எண்ணினால் வாற வெள்ளி வருது. வெள்ளிக்கிழமை ஆக்களுக்கு வேலை. சனிக்கு வைப்பம் அண்ணி.”

டென்மார்க்கில் தமிழருடைய எட்டாம் நாள் எப்படி எண்ணினாலும் சனிக்கிழமையில்தான் வந்து நிற்கும். மனோரஞ்சிதம் தலையாட்டினாள்.

“அண்ணைக்கு என்னென்ன பிடிக்குமெண்டு சொல்லுங்கோ. அதுகளெல்லாம் படைக்கோணும். ஒண்டும் விடுபடக்கூடாது. அண்டைக்கு அந்த ஆத்துமா வந்து தனக்குப் பிடிச்சதைத் தேடுமாம். இல்லாட்டிக் குறையோட போயிடும்.”

“அவருக்கு என்ர கையால எதைச் செய்தாலும் பிடிக்கும் தம்பி. புட்டு, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, நண்டு... நான் செய்யிறன். வேற ஆரும் ஒண்டும் கொண்டுவர வேண்டாம்.”

அவள் அதைப் பெருமையோடுதான் சொன்னாள். நாற்பத்தோரு வருடக் கலியாணத்தில் அவளும் பாலேந்திராவும் உட்கார்ந்து கதைத்த கதைகளை எண்ணினால் ஒரு பின்னேரத்தில் எண்ணி முடித்துவிடலாம். சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. அவர் கதைக்காத மனுசன். அவள் கேட்டுக் கேட்டுக் களைத்துப் பிறகு கேட்காமல் விட்டவள். தான் வேலை செய்த துணி ஆலையை மூடியதும் அவர் நகரத்தின் விளிம்பில், ரயில்பாதைக்குப் பின்னால் இருந்த வாடகைத் தோட்டத்தில் ஒரு துண்டை எடுத்தார். ஏப்ரலில் இருந்து ஒக்டோபர் வரை காலை எட்டு மணிக்குச் சைக்கிளை எடுத்தால் பின்னேரம் ஐந்துக்குத்தான் வீடு. அவள் மொத்தம் இரண்டு தரம் அங்கே போயிருப்பாள். அவர் வா என்று கூப்பிட்டதில்லை. அவளும் வரட்டோ என்று கேட்டதில்லை.

ஆனால் பெட்டி போனது, பெட்டி வந்தது. ஐந்து மணிக்கு எழும்பி அவள் சமைப்பாள். வேலையால் நின்று இரண்டு வருடமாகியும் அந்த ஐந்து மணி மாறவில்லை. பின்னேரம் வெறும் பெட்டியைத் தொட்டிக்குள் வைத்துவிட்டு அவர் ஏதாவது சொல்லுவார். “புளி கொஞ்சம் கூட.” “உறைப்பைக் குறை.” “உந்தக் கத்தரிக்காய் நல்லம், நாளைக்கும் வை.” அவள் அதை மனதில் வைத்து அடுத்த நாள் திருத்துவாள். இப்படித் திருத்தித் திருத்தி மூன்று கரண்டி போட்ட மிளகாய்த்தூள் ஒரு கரண்டிக்கு வந்திருந்தது. வயது போகப் போக மனுசனுக்குக் குடல் தாங்கவில்லை என்று நினைத்தாள். ஒன்றுதான் அவளுக்குப் புதினமாக இருந்தது. குளிர்காலத்தில் வீட்டில் இருந்து சாப்பிடும்போது அவர் ஒரு குறையும் சொல்லமாட்டார். கோடையில்தான் சொல்லுவார். வெயிலில் வேலை செய்தால் நாக்குக்கு ருசி கூடத் தெரியும் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். எது எப்படியோ, அவர் அவளோடு கதைத்தது அதைப் பற்றித்தான். அது அவளுக்கு அருமையாக இருந்தது.

புதன்கிழமை அவள் தோட்டத்துக்குப் போனாள். படையலுக்குக் கடையில் கத்தரிக்காய் வாங்க அவளுக்கு மனம் வரவில்லை. அவர் வளர்த்ததையே பிடுங்கி வந்து சமைக்கவேண்டும் என்று நினைத்தாள். சாருஜா காரில் கொண்டுபோய் வாசலில் இறக்கினாள். கொம்யூன் அலுவலகத்தில் அப்பாவின் கடதாசி வேலைகள் இருக்கின்றன, மூன்று மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். மத்தியானத்துக்கென்று மனோரஞ்சிதம் கையோடு பெட்டியையும் கொண்டுவந்திருந்தாள். ஐந்து மணிக்கு எழும்பிய கை சும்மா இருக்கவில்லை. புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும். எட்டுச்செலவு வரைக்கும் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை.

படலையைத் திறந்ததும் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. வேர்னர் செடி வேலியை வெட்டிக்கொண்டு நின்றார். தன் பக்கத்தை முடித்துவிட்டு இவர்களுடைய பக்கத்தில் பாதிக்கு வந்திருந்தார்.

“செப்டெம்பர் முதலாம் திகதிக்கு முன் வேலியெல்லாம் வெட்டி முடித்திருக்கவேண்டும்,” என்றார். “தோட்டச் சங்கத்தின் விதி. பாலா ஒருநாளும் பிந்தினதில்லை.”

டேனிஷில் எல்லாருக்கும் எல்லாரும் ‘நீ’தான். ஆனாலும் அந்தக் கிழவருடைய குரலில் ஒரு ‘நீங்கள்’ இருந்தது.

ஓகஸ்ட் முடிகிற நேரத்துத் தோட்டம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பிளம்ஸ் பழங்கள் விழுந்து வெடித்துக் கிடந்தன. குளவிகள் அவற்றில் மொய்த்துக்கொண்டிருந்தன. வெங்காயத் தாள்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, எங்களைப் பிடுங்கு என்று கிடந்தன. போஞ்சி முற்றிக் கயிறாகியிருந்தது. கண்ணாடி வீட்டுக்குள் தக்காளி குலை குலையாகச் சிவந்து நிற்க, அதற்குப் பக்கத்தில் கத்தரி, ஊதா நிறத்தில் பளபளவென்று தொங்கியது. மண் ஈரமாக இருந்தது. பதின்மூன்று நாளாக யாரோ தவறாமல் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். யார் என்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

அவள் கத்தரிக்காய் பறித்தாள். வெங்காயத்தைப் பிடுங்கிக் குடிலின் வெயில் பக்கத்துச் சுவரோரம் பரப்பினாள். தக்காளியின் பக்கக் குருத்துகளைக் கிள்ளினாள். செய்யச் செய்ய வேலை வந்துகொண்டே இருந்தது. அவர் இவ்வளவு காலமும் இங்கே தனியாகக் கிடந்து மாரடித்திருக்கிறார், ஒரு நாள் வந்து ஒரு புல்லைப் பிடுங்கிக் கொடுத்தேனா என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு வேர்னர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வந்து வாங்கில் இருந்தார். ஒரு ஓரத்தில் இருந்து மற்றப் பாதியை விட்டுவைத்தார். பையிலிருந்து தகரப் பெட்டியொன்றை எடுத்துத் தனக்கும் அந்தப் பாதிக்கும் நடுவில் வைத்தார். வைத்துவிட்டுத்தான், தான் என்ன செய்தேன் என்று அவருக்கே தெரிந்திருக்கவேண்டும். பெட்டியைத் திறக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மரியாதைக்கு மனோரஞ்சிதம் தன்னுடைய பெட்டியை நீட்டினாள். “கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்கள். எங்கள் நாட்டுச் சாப்பாடு. உறைக்கும்.”

அவர் மறுப்புச் சொல்லவில்லை. எழும்பிப் போய்ப் பூவாளியில் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பெட்டியை மடியில் வைத்துத் திறந்து, புட்டை விரல் நுனியால் உதிர்த்து, பால்கறியை அளவாக விட்டுக் குழைத்து, ஒரு கவளம் சேர்த்துப் பெருவிரலால் வாய்க்குள் தள்ளினார். ஒரு பருக்கை கீழே விழவில்லை. அப்படிச் சாப்பிட அவளுடைய சொந்த மகளுக்கே தெரியாது.

“உப்புக் கொஞ்சம் குறைவு,” என்றார். உடனே முகம் சிவந்துபோனார். “மன்னித்துக்கொள்ளுங்கள். பாலாவிடம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. அவர்தானே உங்களிடம் சொல்லுவார்.”

“என்ன சொல்லுவார்?”

“நான் சொன்னதை. புளி கூட என்று சொன்னால் அடுத்த நாள் புளி குறைந்திருக்கும். முதல் வருடம் உறைப்பில் என் காதால் புகை வந்தது. சொன்னேன். நீங்கள் எவ்வளவு குறைத்தீர்கள்!”

அவள் வாங்கின் மற்றப் பாதியில் போய் இருந்தாள்.

“என் மனைவி செத்த கோடையில் நான் ஒன்றும் சாப்பிடாமல் இந்த வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தேன்,” என்றார் வேர்னர். “நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, பாலா ஒன்றும் பேசாமல் வந்து தன் பெட்டியை என் மடியில் வைத்தார். நான் வெட்கப்பட்டு என்னுடைய பாணை அவருக்குக் கொடுத்தேன். அடுத்த நாளும் அப்படி. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.”

“எவ்வளவு காலம்?”

“பதினொரு கோடை.”

கேட்கவேண்டாம் என்று அவளுடைய மனம் சொன்னது. வாய் கேட்டுவிட்டது. “அந்த வியாழக்கிழமை?”

“அன்றைக்கும்தான். மீன் மிகவும் நன்றாக இருந்தது. பெட்டியைக் கழுவிப் பையில் வைத்தது நான்.” சொல்லிக்கொண்டு வந்தவர் அவளுடைய முகத்தைக் கண்டு நிறுத்தினார். கையில் இருந்த கவளத்தைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார். “உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன். தெரிந்துதான் எனக்காகச் சமைக்கிறீர்கள் என்று நினைத்தேன். அதற்குத்தானே அன்றைக்கு நன்றி சொன்னேன்.”

அவளுக்குக் கோபம் வந்தது. செத்த மனுசனோடு கோபிக்கக்கூடாது என்று தெரிந்தும் வந்தது. பதினொரு கோடையும் ஐந்து மணிக்கு எழும்பி, முழங்கால் நோவோடு நின்று, பேர் மாத்திரம் தெரிந்த ஒரு வெள்ளைக்காரனுக்குச் சமைத்திருக்கிறாள். அவன் சொன்ன குறையைத் தன் புருஷன் தன்னோடு கதைத்த கதை என்று நினைத்துக் கட்டிக் காப்பாற்றியிருக்கிறாள். வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னாளே, என்ர கையால செய்ததைச் சாப்பிட்டிட்டுப் போனவர் என்று. அதுவும் போய்விட்டது. இனி அவளிடம் ஒன்றும் இல்லை.

“அவர் என்ன சாப்பிட்டார்?” என்று கேட்டாள்.

வேர்னர் தகரப் பெட்டியைத் திறந்தார். ரை மாவில் சுட்ட கறுப்புப் பாண், இரண்டு துண்டு. அதன்மேல் அவித்து ஆறிய உருளைக்கிழங்கை மெல்லிய வட்டமாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்க அடுக்கியிருந்தது. மேலே பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள். வேறு ஒன்றும் இல்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும் போல இருந்தது. இதை அவள் இல்லத்துக் கிழவர் கிழவிகளுக்கு இருபத்திரண்டு வருடம் வெட்டி அடுக்கியிருக்கிறாள். ஆயிரக்கணக்கில். கண்ணை மூடிக்கொண்டும் செய்வாள். ஒரு நாள்கூட இதைச் சாப்பாடு என்று நினைத்ததில்லை. வாயில் வைத்ததில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இல்லை.

“அவருக்கு இது பிடித்திருந்ததா? இல்லை, உங்களுக்காகத் தின்றாரா?”

வேர்னர் விரலில் ஒட்டியிருந்த புட்டைத் துடைத்தார். “அவர் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. முதல் வருடம் மருந்து விழுங்குகிற மாதிரித்தான் விழுங்கினார்.” பிறகு கையை நீட்டிக் காட்டினார். “ஆனால் அதைப் பாருங்கள்.”

வேலியோரம் நான்கு வரிசை உருளைக்கிழங்கு. கொடி காய்ந்து படுத்திருந்தது. “அவித்தால் உடையாத சாதி. துண்டு போட்டுப் பாணில் வைக்கத்தான் சரி. குழம்புக்குக் கரையாது. ஒவ்வொரு ஏப்ரலும் விதைக்கிழங்கை அவரே தேடி வாங்குவார். நான் வேறு சாதி போடுவோம் என்றாலும் கேட்கமாட்டார்.”

கரையாதுதான். அவர் கொண்டுவரும் கிழங்கு எவ்வளவு அவிந்தாலும் குழம்பில் கல்லு மாதிரிக் கிடக்கும். ‘என்ன சனியன் கிழங்கு இது, வேற போட ஏலாதோ’ என்று எத்தனை தரம் ஏசியிருப்பாள். அவர் மறுமொழி சொன்னதில்லை. அடுத்த வருடமும் அதையேதான் நட்டார்.

மனோரஞ்சிதம் எழும்பினாள். குடிலின் பின்பக்கம் சாத்தியிருந்த, மண் கிளறுகிற நாலு பல்லு இரும்பு முள்ளை எடுத்து, முதல் வரிசையின் தலைப்பில் காலால் மிதித்து இறக்கினாள். முழங்கால் குத்தியது. குத்தட்டும் என்று விட்டாள். மண் புரண்டு மஞ்சள் கிழங்குகள் உருண்டு வந்தன. வேர்னர் உதவிக்கு வர எழும்பினார்.

“நீங்கள் இருந்து சாப்பிடுங்கள்,” என்றாள். “மிச்சம் விடவேண்டாம்.”

மூன்று மணிக்குச் சாருஜா வந்தபோது இரண்டு வரிசை முடிந்திருந்தது. தாய் காலில் போட்ட சப்பாத்தில் மண்ணும் தலையில் இலையுமாக நின்றதைக் கண்டு அவள் பதறினாள். உனக்கு முழங்கால் சரியில்லை, இதெல்லாம் யார் செய்யச் சொன்னது என்று டேனிஷில் சத்தம் போட்டாள்.

“கிழங்கு மண்ணுக்க கிடந்தால் பழுதாப் போயிடும் பிள்ளை. வாளியைத் தூக்கு,” என்றாள் மனோரஞ்சிதம். வீடு போய்ச் சேரும் வரைக்கும் வேறு ஒன்றும் கதைக்கவில்லை. கதைக்க அவளுக்கு ஆளும் இல்லை. இப்படி ஒன்றைச் சொல்லி ஏசவேண்டிய ஒரே ஆள் அவர்தான்.

சனிக்கிழமை பின்னேரம் வீடு நிறைந்துவிட்டது. அறைக்குள் பாலேந்திராவின் படத்துக்கு முன்னால் தமிழ்க் கடையில் வாங்கிய ஒரேயொரு வாழையிலையை விரித்து, செல்வரட்ணம் கறிகளை ஒவ்வொன்றாக வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். புட்டு, நண்டு, கத்தரிக்காய், முருங்கைக்காய், வடை. மீன் குழம்பு வந்தபோது அதன் நிறத்தைக் கண்டு நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன அண்ணி, இரத்தச் சிவப்பாக் கிடக்கு.”

“மூண்டு கரண்டி போட்டனான். முந்தி அப்பிடித்தான் சாப்பிட்டவர்.”

உறைப்பு குறைந்தது அவருக்காக இல்லையென்றால் அவருக்கு எவ்வளவு உறைப்பு வேண்டியிருந்தது என்று அவளுக்கு இப்போது தெரியாது. பழைய அளவுக்குத்தான் போகமுடிந்தது.

கடைசியாக அவள் ஒரு தட்டோடு வந்தாள். இரண்டு துண்டு கறுப்புப் பாண், ஒரே அளவில் வெட்டிய கிழங்கு வட்டங்கள், மேலே வெங்காயத்தாள், ஓரத்தில் ஒரு கிள்ளு உப்பு. இல்லத்தில் பிறந்தநாள்காரருக்கு அடுக்குகிற மாதிரி நேர்த்தியாக இருந்தது. இலையின் நடுவில், புட்டைக் கொஞ்சம் தள்ளி இடம் பண்ணி வைத்தாள்.

செல்வரட்ணம் குரலைத் தாழ்த்தினார். “அண்ணி, உதென்ன, பாணும் கிழங்குமோ? படையல்ல உது வைக்கிறேல்லை. ஆக்கள் பாத்தா என்ன சொல்லுவினம்?”

“அவருக்குப் பிடிச்சதெல்லாம் வைக்கோணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

“அண்ணை உதைச் சாப்பிட்டு நான் ஒருநாளும் காணேல்லையே.”

“நானும் காணேல்லைத் தம்பி.” அவள் குரலைத் தாழ்த்தவில்லை. வாசலில் நின்ற பெண்களுக்கும் வரவேற்பறையில் இருந்த ஆண்களுக்கும் கேட்டது. “அண்டைக்கு அவர் புட்டுச் சாப்பிடேல்லை. நான் சொன்னது பிழை. என்ர பெட்டியை அந்தப் பக்கத்துத் தோட்டத்து மனுசன் சாப்பிட்டவர். இவர் சாப்பிட்டது இதைத்தான். பதினொரு வருசமா இதைத்தான் சாப்பிட்டவர். எனக்குத் தெரியாது.”

‘அது காணும் அக்கா’ என்று அன்றைக்குக் கையைத் தடவியவர்கள் இப்போது நிலத்தைப் பார்த்தார்கள். சாருஜா தாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

செல்வரட்ணம் கற்பூரத்தைக் கொளுத்தினார். பிறகு எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு அறைக் கதவைச் சாத்தினார். போனவர் வந்து சாப்பிட்டுப் போகிற நேரம் அது. யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது. மனோரஞ்சிதம் கதவுக்கு வெளியே நின்றாள். புட்டும் இருக்கிறது, குழம்பும் இருக்கிறது, பாணும் இருக்கிறது. வாயைத் திறந்து ஒரு நாளும் சொல்லவில்லையே, இப்பவாவது வந்து எடுக்கிறதை எடு என்று மனதுக்குள் சொன்னாள். அதில் கோபம் இருந்தது. வா என்று கெஞ்சுவதும் இருந்தது.

பத்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தபோது எல்லாம் வைத்தபடியே இருந்தன. பாணின் மேலிருந்த கிழங்கு மாத்திரம் ஓரத்தில் கொஞ்சம் காய்ந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் மணி அடித்தது. வேர்னர் கறுத்தக் கோட்டுப் போட்டு வந்திருந்தார். மனோரஞ்சிதம் போனில் கூப்பிட்டு, சனிக்கிழமை ஆறு மணிக்கு வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லியிருந்தாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வாசலில் இருந்த சப்பாத்துக் குவியலைப் பார்த்துத் தன்னுடையதையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். மண்டபத்தில் அழுதவர் இவர்தான், பெட்டியைத் தின்றவரும் இவர்தான் என்று எல்லாரும் பார்த்தார்கள். ஒருவர் எழும்பிக் கதிரையைக் கொடுத்தார். கரண்டி கொண்டு வரட்டோ என்று கேட்ட பெண்ணுக்கு வேர்னர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, கை கழுவ எங்கே போகவேண்டும் என்று சாருஜாவிடம் கேட்டார்.

மனோரஞ்சிதமே கடதாசித் தட்டில் புட்டு வைத்து, மேலே அந்தச் சிவந்த குழம்பை விட்டு அவருக்குக் கொண்டுவந்தாள். பிறகு இலையில் இருந்த பாணில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

வேர்னர் குழைத்து ஒரு வாய் வைத்தார். அவருடைய கழுத்திலிருந்து மேலே சிவப்பு ஏறியது. நெற்றி வியர்த்தது. இரண்டாவது வாய்க்கு மூக்கும் கண்ணும் சேர்ந்து ஓடத் தொடங்கின. ஆனால் கை நிற்கவில்லை. செல்வரட்ணம் தண்ணீர்க் கிளாசைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். வேர்னர் அதைத் தொடவில்லை.

அவள் பாணைக் கடித்தாள். பாண் புளிப்பாக இருந்தது. கிழங்கு குளிர்ந்து, உடையாமல், பல்லில் பதமாக வெட்டுப்பட்டது. வெங்காயத்தாள் பிறகு வந்தது. நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஐந்து நிமிட வேலை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கையாலேயே அடுக்கிக் கொடுத்திருப்பாளே. அவள் அந்தத் துண்டை முழுவதும் மென்று விழுங்கினாள்.

வேர்னரின் தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

“உறைப்பு எப்படி?” என்று கேட்டாள்.

கேட்க இனி இந்த ஒரு ஆள்தான் இருக்கிறார். அவர் கண்ணீர் தாடைவரை வழிய, கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்தார்.

“அளவாக இருக்கிறது,” என்றார் வேர்னர். தட்டை மறுபடியும் அவளிடம் நீட்டினார்.